டார்ச் வெளிச்சம் ஏன் திட்டுத்திட்டாக விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

சிறிய எல்.ஈ.டி. டார்ச்சின் வெளிச்சம் சீராக விழவில்லை, நிறம் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வந்த கேள்விகளுக்கு இந்த முறை இடம். பதில்களில் 'நடுப்பொட்டு' என்பது வட்டத்தின் நடுவே பளிச்சென்று விழும் பகுதி. 'ஓர வெளிச்சம்' என்பது அதைச் சுற்றிப் பரவும் மங்கல் பகுதி.

கேள்வி: சுவரில் டார்ச் அடித்தால் வட்டத்தின் ஒரு பக்கம் பிறை மாதிரி நிழல் தெரிகிறது. கோளாறு முன்கண்ணாடியிலா, ரிஃப்ளெக்டரிலா, எல்.ஈ.டி.யிலா? முழுக்கப் பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், திருச்செங்கோடு

உண்டு. இருட்டறையும் வெள்ளைச் சுவரும் போதும். டார்ச்சைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மேஜையில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே உருளாதபடி வையுங்கள். குறைந்த மோடில் எரிய விடுங்கள். முழு வெளிச்சத்தில் கண் கூசி, மெல்லிய நிழல் தப்பிவிடும். நிழல் கடிகாரத்தில் எத்தனை மணி இருக்கும் இடத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 மணி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டார்ச்சை முழுதாகக் கால் சுற்று உருட்டுங்கள். நிழல் 4 மணியிலேயே நின்றால் டார்ச்சைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் அழுக்கோ, டார்ச் சாய்வாக நிற்பதோதான் காரணம். நிழலும் கூடவே சுற்றினால், முகப்பு வளையத்தை அரைச் சுற்று தளர்த்தி, கண்ணாடியை மட்டும் விரல் நுனியால் திருப்புங்கள். நிழல் நகர்ந்தால் கோளாறு கண்ணாடியில். நகராவிட்டால் டார்ச்சை அணைத்து, ரிஃப்ளெக்டரை (எல்.ஈ.டி.யைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தை) கால் சுற்று திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். அதற்கும் நிழல் அசையவில்லையென்றால் எல்.ஈ.டி. நடுவில் உட்காரவில்லை.

அதை உறுதி செய்ய இன்னொரு வழி: அணைத்த டார்ச்சைக் கை நீட்டிய தூரத்தில் நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். எல்.ஈ.டி.யின் மஞ்சள் நிறம் ரிஃப்ளெக்டர் முழுக்க ஒரே மாதிரி நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மஞ்சளாகவும் எதிர்ப்பக்கம் சாம்பலாகவும் இருந்தால் எல்.ஈ.டி. விலகியிருக்கிறது. சிறிய ரிஃப்ளெக்டரில் கால் மில்லிமீட்டர் விலகினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரிசெய்வது சுலபம். எல்.ஈ.டி. ஒட்டியிருக்கும் வட்டத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விடுங்கள். எல்.ஈ.டி.யைச் சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தையும் ரிஃப்ளெக்டரையும் அதனிடத்தில் வைத்து லேசாக அழுத்தினால் தகடு தானாக நடுவுக்கு வந்துவிடும். பிறகு ரிஃப்ளெக்டரை எடுத்துவிட்டுத் திருகுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே திருகை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு மறுபடி நழுவும். வளையமே பொருந்தாத டார்ச்சுகளும் வருகின்றன: 5 மி.மீ. சதுர எல்.ஈ.டி.க்கான வளையத்தில் 3.45 மி.மீ. எல்.ஈ.டி.யை வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். எத்தனை முறை நடுப்படுத்தினாலும் அது நிற்காது. சரியான வளையம் வாங்கிப் போடுவதுதான் வழி.

ஒன்று சொல்ல வேண்டும். சுவரில் தெரிகிற பாதிக் குறைகள் வெளியே 20 மீட்டர் தள்ளி வரப்பிலோ தெருவிலோ அடித்தால் தெரியவே தெரியாது. அங்கே கண்ணை உறுத்தாவிட்டால் டார்ச்சைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: நாட்டுக்கோழி அடை வைத்த முட்டையில் 7ஆம் நாள் கரு பார்க்கச் சின்ன டார்ச் வாங்கினேன். கிட்டே பிடித்தால் வெளிச்சத்தின் நடுவில் வடை மாதிரி ஓட்டை. கூமுட்டையா, கருமுட்டையா என்றே தெரியவில்லை. டார்ச் கோளாறா?
– வாசகர், பரமத்தி வேலூர்

எவ்வளவு கிட்டே என்பதைப் பொறுத்தது. ரிஃப்ளெக்டர் வைத்த எந்த டார்ச்சையும் 5 செ.மீ. தூரத்தில் அடித்தால் நடுவில் ஓட்டை தெரியும். ரிஃப்ளெக்டரின் விளிம்பிலிருந்து வரும் வெளிச்சம் அந்தத் தூரத்தில் இன்னும் ஒன்றுசேர்ந்திருக்காது. அது கோளாறு இல்லை. 1 மீட்டரிலும், பெரிய தலை டார்ச்சானால் 2, 3 மீட்டரிலும் ஓட்டை இருந்தால்தான் குவியம் தவறியிருக்கிறது என்று பொருள்.

முட்டைக்கு மட்டும்தான் என்றால் டார்ச்சுக்குள் கைவைக்கவே வேண்டாம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து டார்ச் வாயளவுக்கு ஒரு ரப்பர் வட்டம் வெட்டி, நடுவில் 25 மி.மீ. துளை போட்டு வாயில் ஒட்டுங்கள். முட்டையின் அகலமான முனையை அந்தத் துளையில் பதித்துப் பாருங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் கசியாது. முட்டை ஓடே வெளிச்சத்தைக் கலக்கிப் பரப்பிவிடுவதால் ஓட்டையும் காணாமல் போகும். ஒரு முட்டைக்கு 5, 6 விநாடி போதும். உயர் மோடில் வாய் சூடேறும், கருவுக்கு ஆகாது.

1 மீட்டரிலும் ஓட்டை இருக்கிறது என்பவர்களுக்கு: ரிஃப்ளெக்டர் ஒரு பரவளையக் கிண்ணம். அதன் குவியம் அடித்துளைக்குச் சற்று மேலே இருக்கும். எல்.ஈ.டி.யின் மஞ்சள் சதுரம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். கீழே தங்கினாலும் ஓட்டை, மேலே ஏறினாலும் ஓட்டை. எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்று அறிய, எல்.ஈ.டி. உடம்பிலும் ரிஃப்ளெக்டர் தலையிலும் இருக்கிற டார்ச்சானால், எரிய விட்டுத் தலையை மெதுவாகத் திருகித் தளர்த்துங்கள். தலை முன்னே போகப் போக ரிஃப்ளெக்டர் எல்.ஈ.டி.யை விட்டு விலகும். ஓட்டை சுருங்கினால் ரிஃப்ளெக்டரை உயர்த்த வேண்டும். பெரிதானால் இறக்க வேண்டும்.

உயர்த்துவதற்கு வளையத்துக்கு மேல் கேப்டன் டேப் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிற தேன்நிற வெப்பந்தாங்கும் டேப்பை வளைய வடிவில் வெட்டி ஒட்டுங்கள். ஓர் அடுக்கு ஏறத்தாழ 0.06 மி.மீ. இருக்கும். இரண்டிரண்டு அடுக்காகக் கூட்டிச் சுவரில் பாருங்கள். முதல் வெள்ளோட்டத்துக்குச் சாதாரண ஏ4 தாளையே வெட்டி வைக்கலாம், ஒரு தாள் 0.1 மி.மீ. ஆனால் அதை உள்ளேயே விட்டுவிடாதீர்கள், எல்.ஈ.டி. ஓரத்தில் காகிதம் பழுத்துக் கருகும்.

இறக்குவதற்கு வளையத்தைத் தேய்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, வளையத்தின் தட்டையான பக்கத்தை எட்டு போடுவது போலத் தேய்த்து, வெர்னியரில் 0.1 மி.மீ. குறைந்ததும் மாட்டிப் பாருங்கள். ஒரேயடியாக அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு முழிப்பவர்கள் அதிகம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. அலுமினிய ரிஃப்ளெக்டர் மின்சாரம் கடத்தும். வளையம் மெலிந்து, ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு எல்.ஈ.டி.க்குப் போகும் ஒயரின் ஈயப் பற்றைத் தொட்டால் ஷார்ட். லித்தியம் பேட்டரி போட்ட டார்ச்சில் இது விளையாட்டல்ல. தேய்க்கும் முன்பே பேட்டரியை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, எல்.ஈ.டி.யின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் ரிஃப்ளெக்டருக்கும் இடையே தொட்டுப் பார்த்து எழுதிவையுங்கள். வேலை முடிந்து மூடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். முன்பு இல்லாத பீப் இப்போது வந்தால் பேட்டரி போடக் கூடாது. ஈயப் பற்று கூம்பாக உயர்ந்திருந்தால் சால்டரிங் அயர்னால் தட்டையாக்கி, மேலே கேப்டன் டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: ஜூம் டார்ச்சை இழுத்தால் சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுகிறது. அதற்குள் கோடு கோடாகத் தெரிகிறது. ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக வானவில் கரை. மாற்றித் தருவார்களா?
– வாசகர், போடிநாயக்கனூர்

மாற்றித் தர அதில் குறை எதுவும் இல்லை. நீங்கள் பார்ப்பது எல்.ஈ.டி. சில்லின், அதாவது அதற்குள் வெளிச்சம் தரும் சின்னச் சதுரத்தின், படம். ஜூம் டார்ச்சில் ரிஃப்ளெக்டர் கிடையாது; முன்னால் இருக்கும் குவிலென்ஸ் சினிமா புரொஜெக்டர் போல அந்தச் சதுரச் சில்லைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டுகிறது. கோடுகள் சில்லின்மேல் மின்சாரம் கொண்டுபோகும் நுண்கம்பிகளும் உலோக வரிகளும். ஒற்றை லென்ஸ் நீலத்தையும் மஞ்சளையும் ஒரே இடத்தில் குவிக்காது, அதனால் வானவில் கரை. லென்ஸை முழுக் குவியத்திலிருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் கோடு, கரை இரண்டும் கரைந்துபோகும். தூரம் கொஞ்சம் குறையும். சதுரத்தின் ஒரு மூலை எலி கடித்தது போல இருட்டாக இருந்தால் மட்டும் சில்லின்மேல் தூசு விழுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் பந்து ஊதுகுழலால் ஊதி விடுங்கள்.

கேள்வி: பட்டுச்சேலைக் கடை. கரண்ட் போகும்போது நிறம் பார்க்க நல்ல விலை கொடுத்து டார்ச் வாங்கினோம். வெளிச்சத்தின் நடுவில் நீலம் கலந்த ஊதா, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், அதற்கு வெளியே மறுபடி நீலம். ஒரே சேலை இடத்துக்கு ஒரு நிறமாகத் தெரிகிறது. போலிப் பொருளா?
– வாசகர், காஞ்சிபுரம்

போலியாக இருக்க வேண்டியதில்லை. பெயர்பெற்ற எல்.ஈ.டி.களிலேயே இந்தக் குறை உண்டு.

வெள்ளை எல்.ஈ.டி. என்பது உண்மையில் நீல எல்.ஈ.டி. ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீலம் தரும் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியே வரும், மீதி பாஸ்பரில் பட்டு மஞ்சளாக மாறும். இரண்டும் சேர்ந்ததைக் கண் வெள்ளை என்கிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் இந்த முறையில்தான் வெள்ளை எல்.ஈ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சங்கடம் இதிலேயே இருக்கிறது. சில்லிலிருந்து நேராக வெளியேறும் கதிர் பாஸ்பரை மெல்லிய தடிமனில் கடக்கிறது, நீலம் மிஞ்சுகிறது. சாய்வாகப் போகும் கதிர் அதே பூச்சில் நீண்ட தூரம் நடக்கிறது, மஞ்சள் ஏறுகிறது. ரிஃப்ளெக்டர் இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனி வளையமாகச் சுவரில் வைத்துவிடுகிறது.

கிரீ நிறுவனத்தின் பழைய எக்ஸ்பி-ஜி2, எக்ஸ்எம்-எல்2 போன்ற எல்.ஈ.டி. வகைகளில் வெளிச்சம் பெரும்பாலும் சில்லின் மேல்முகத்திலிருந்து வரும். வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதே நிறுவனத்தின் எக்ஸ்பி-ஜி3, எக்ஸ்பி-எல்2, எக்ஸ்ஹெச்பி50.2 வகைகளில் சில்லின் பக்கச் சுவர்களிலிருந்தும் வெளிச்சம் பீறிடும். சுற்றியுள்ள அடித்தளத்திலும் பாஸ்பர் படிந்திருக்கும். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் லூமென் (மொத்த வெளிச்ச அளவு) அதிகம், ஆனால் நிற வளையம் அப்பட்டமாகத் தெரியும். பெட்டியில் லூமென் கணக்கைப் பெரிதாக அச்சடிக்கலாம், நிற வளையத்தை அச்சடிக்க முடியாதே!

மலிவான மருந்து, கண்ணாடியில் பனிப்படலம் ஒட்டுவது. வெளிநாட்டு டார்ச் பிரியர்கள் டி.சி.-ஃபிக்ஸ் என்ற ஜெர்மன் ஜன்னல் படலத்தை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வண்டி ஸ்டிக்கர் கடையில் ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு ஒட்டுகிற 'ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர்' கேட்டாலும் கிடைக்கும்; உள்ளங்கையளவு துண்டு போதும். முன்கண்ணாடியைக் கழற்றி, ஸ்டிக்கர்மேல் வைத்து வரைந்து, கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே வெட்டுங்கள், ரப்பர் வளையத்தின்கீழ் படலம் போனால் தண்ணீர் புகும். கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு ஷாம்பூ கலந்த தண்ணீர் தெளித்து, படலத்தை நழுவவிட்டு நடுப்படுத்தி, பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒத்தித் தண்ணீரைத் தள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டு மூடினால் டார்ச் சூடானதும் கண்ணாடிக்குள் வியர்த்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நடுப்பொட்டு பரவிவிடும். டார்ச் எட்டும் தூரம் நடுப்பொட்டின் செறிவுக்கு வர்க்கமூலமாகப் போகிறது: 10,000 கேண்டெலா (செறிவின் அலகு) டார்ச்சுக்குப் பெட்டியில் 200 மீட்டர் என்று போடுவார்கள், படலம் ஒட்டி அது 5,000 ஆனால் 141 மீட்டர். சேலை பார்க்கிற கடைக்கு 141 மீட்டர் எதற்கு? தாராளமாக ஒட்டுங்கள். தோட்டத்தில் பன்றி விரட்டுகிறவர் ஒட்டக் கூடாது. அவருக்கு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் நடுவழி. வளையம் ஓரளவு கலையும், தூரம் அதிகம் போகாது.

ஆனால் உங்கள் வேலைக்கு வளையம் இரண்டாவது பிரச்சினைதான். நிறத்தை நிறமாகக் காட்டும் திறனைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். சாதாரண டார்ச் எல்.ஈ.டி. 70 வாக்கில் இருக்கும். அதில் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் செத்துத் தெரியும். படலம் ஒட்டினாலும் இது மாறாது. சேலைக்கு 90க்கு மேல் சி.ஆர்.ஐ., 4000 அல்லது 5000 கெல்வின் (வெள்ளையின் நிறச்சாயலைச் சொல்லும் எண்) என்று கேட்டு வாங்குங்கள். நிச்சியா 519ஏ, சாம்சங் எல்ஹெச்351டி ஆகியவற்றில் 90க்கு மேற்பட்ட வகை உண்டு. லூமென் சற்றுக் குறையும். குறையட்டும்.

கேள்வி: எல்.ஈ.டி.யை மட்டும் வாங்கி வீட்டிலேயே மாற்றலாமா? சால்டரிங் ஓரளவு தெரியும். என் டார்ச்சில் இருப்பது எக்ஸ்பி-ஜி3.
– வாசகர், கோவை

மாற்றலாம், ஆனால் எல்.ஈ.டி.யைச் சால்டரிங் அயர்னால் நேரடியாகப் பிடுங்காதீர்கள். சால்டர் பிடிக்கும் அதன் மூன்று உலோகப் பட்டைகளும் அடியில் ஒளிந்திருக்கின்றன. நடுவில் இருப்பது வெப்பம் கடத்தும் பட்டை. தகட்டையே அடியிலிருந்து சூடாக்க வேண்டும்.

எக்ஸ்பி-ஜி3, 519ஏ, எல்ஹெச்351டி எல்லாம் '3535' என்கிற ஒரே கால்தடம் (அடிப்பட்டைகளின் அளவும் அமைப்பும்), எல்லாமே 3 வோல்ட் வகை; உங்களுக்குப் பொருந்தும். எக்ஸ்ஹெச்பி50.2 இருந்த இடத்தில் இவை கூடாது. அது பெரும்பாலும் 6 அல்லது 12 வோல்ட், கால்தடமும் வேறு.

தகட்டிலிருந்து ஒயர்களைச் சால்டர் எடுத்து, எது பிளஸ் என்று குறித்துக்கொண்டு தகட்டைக் கழற்றுங்கள். அடியிலுள்ள பழைய வெப்பப் பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தகட்டைச் சூட்டுத் தட்டில் வையுங்கள். 63/37 ஈயப் பற்று 183 டிகிரியில் உருகும், தொழிற்சாலையில் வைத்த ஈயமில்லாத பற்று 220 வாக்கில். பற்று பளபளத்து உருகியதும் பழைய எல்.ஈ.டி.யை இடுக்கியால் தூக்கி, தகட்டை இறக்குங்கள். ஆறிய பிறகு சால்டர் விக்கால் (பற்றை உறிஞ்சும் செம்புப் பின்னலால்) பழைய பற்றை வழித்தெடுத்து, மூன்று பட்டைகளிலும் சால்டர் பேஸ்டை குண்டூசித் தலையளவு வைத்து, புதிய எல்.ஈ.டி.யை அமர்த்தி மறுபடி சூடாக்குங்கள். பற்று உருகும்போது எல்.ஈ.டி. தானாக ஒரு குலுக்கலோடு நேராகி உட்காரும். அந்த நேரத்தில் இடுக்கி நுனியால் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் தள்ளிவிட்டுப் பாருங்கள். ரப்பர் கட்டியது போலத் தன் இடத்துக்குத் திரும்பினால் மூன்று பட்டையும் பிடித்திருக்கிறது. திரும்பாமல் மிதந்தால் பேஸ்ட் அதிகம். மேலிருந்து லேசாக ஒரு தட்டுத் தட்டினால் மிச்சம் பிதுங்கி வெளியே வரும், ஆறியபின் எடுத்துவிடலாம். எல்.ஈ.டி.யின் மேலே இருக்கும் குமிழை அழுத்தித் தட்டக் கூடாது, அது சிலிக்கோன். ஓரத்தைத்தான் தொட வேண்டும்.

ஒயர் வைக்கும் முன் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டால், பல மீட்டர்களில் எல்.ஈ.டி. மின்மினி போல எரியும். எரிகிற திசையில் சிவப்பு முனை தொட்ட பட்டைதான் பிளஸ். புதிய எல்.ஈ.டி.யின் உயரம் பழையதிலிருந்து வேறுபடும் என்பதால் குவியத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பரமத்தி வேலூர் வாசகருக்குச் சொன்ன டேப் வேலை இங்கேயும் உதவும்.

கேள்வி: குறைந்த மோடில் பச்சை அடிக்கிறது, உயர்ந்த மோடில் சரியாக இருக்கிறது. பேட்டரி மாற்றியும் அப்படியே.
– வாசகர், தஞ்சாவூர்

பேட்டரிக்குச் சம்பந்தமில்லை. சில எல்.ஈ.டி.கள் மின்னோட்டம் குறைந்தால் பச்சைப் பக்கம் சாயும். லூமினஸ் எஸ்எஸ்டி-20 வகையின் 4000 கெல்வின் எல்.ஈ.டி. இதற்குப் பேர்போனது. மின்னோட்டத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைக்கிற டார்ச்சில் இது தெரியும். முழு மின்னோட்டத்தையே விட்டு விட்டுக் கொடுத்து மங்கலாக்குகிற டார்ச்சில் நிறம் மாறாது. பதிலுக்கு, சுற்றும் மின்விசிறியில் அடித்தால் இறக்கைகள் வெட்டி வெட்டித் தெரியும்.

உண்மையிலேயே பச்சையா, கண்ணின் ஏமாற்றா என்று முதலில் பாருங்கள். டியூப் லைட் எரியும் அறையில் எந்த டார்ச்சும் ஒரு நிறம் காட்டும். இருட்டறையில் வெள்ளைத் தாளில் அடித்து, போன் கேமராவில் வெள்ளைச் சமநிலையை 5000 கெல்வினில் பூட்டிவிட்டு இரண்டு மோடிலும் ஒரு படம் எடுங்கள். தானியங்கியில் விட்டால் கேமரா பச்சையைத் திருத்திவிடும், இரண்டு படமும் ஒன்றாகவே இருக்கும்.

பச்சைதான் என்றால், சினிமா விளக்குகளுக்குப் போடும் 'மைனஸ் கிரீன்' ஜெல் தாள் இருக்கிறது. லீ நிறுவனத்தின் எண்களில் 279 மிக லேசானது, 249 அதைவிடக் கூடியது, 248 இன்னும் கூடியது. பெரும்பாலான டார்ச்சுகளுக்கு 249 தாண்ட வேண்டியதில்லை. 248 போட்டால் உயர் மோடில் ரோஜாப்பூ நிறம் வந்துவிடும். கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் லைட் வாடகைக்கு விடுபவர்களிடம் துண்டு கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்ளே வட்டமாக வெட்டி வைத்தால் போதும், பசை வேண்டாம்.

கேள்வி: கழன்ற கண்ணாடியை உடனடிப் பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் ரிஃப்ளெக்டர் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. ஒரு வாரத்தில் எல்.ஈ.டி.யும் பழுப்பாகி, வெளிச்சம் மங்கிவிட்டது.
– வாசகர், சிவகாசி

இரண்டும் ஒரே தவறின் விளைவு. உடனடிப் பசை காயும்போது ஆவி விடும். அந்த ஆவி ஈரப்பசை இருக்கும் பரப்பில் படிந்து வெள்ளையாக இறுகும். கைரேகை நிபுணர்கள் இதே ஆவியை வைத்துத்தான் ரேகையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். மூடிய டார்ச்சுக்குள் ஆவி போக வேறு இடமில்லாததால் ரிஃப்ளெக்டரில் படிந்துவிட்டது. கண்ணாடியில் படிந்ததை, தனியே கழற்றி, நகப்பூச்சு எடுக்கும் அசிட்டோனில் துடைக்கலாம். கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோன் பட்டதும் பால்போல வெளுத்துவிடும், ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டரில் படிந்ததைத் துடைக்க வழியில்லை. புதியது போடுங்கள்.

எல்.ஈ.டி.யின் பழுப்புக்கு மட்டும் நம்பிக்கை இருக்கிறது. அதன் சிலிக்கோன் குமிழ் காற்றையும் ஆவியையும் உள்ளே விடும். உள்ளே புகுந்த கரிம ஆவி, நீல வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதைந்து பழுப்பாகிறது. காற்றோட்டம் கிடைத்தால் பல நேரம் அது திரும்ப வெளியேறிவிடும். கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் கழற்றி, நடு மோடில், மின்விசிறிக்குக் கீழே சில மணி நேரம் எரிய விடுங்கள். நேராகப் பார்க்காதீர்கள். பழுப்பு மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பினால் பிழைத்தது. கறுப்புப் புள்ளியாக நின்றுவிட்டால் சில்லே வெந்திருக்கிறது.

இனி ஒட்ட வேண்டி வந்தால், காயும்போது புளித்த காடி வாடை அடிக்கிற சிலிக்கோனும் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் எல்.ஈ.டி.க்குள் இருக்கும் உலோகப் பூச்சைக் கெடுக்கும். 'நியூட்ரல்' என்று போட்ட சிலிக்கோன் வாங்கி, முகப்பைத் திறந்தே வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். பெரும்பாலான டார்ச்சுகளுக்குப் பசையே தேவைப்படாது. ரப்பர் வளையம் நைந்திருக்கும், அதை மாற்றினால் கண்ணாடி ஆடாது.

கேள்வி: ரிஃப்ளெக்டரில் தூசி இருந்தது. கண்ணாடி துடைக்கும் துணியால் மென்மையாகத்தான் துடைத்தேன். இப்போது வெளிச்சத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடுகள்.
– வாசகர், காரைக்குடி

ரிஃப்ளெக்டரின் பளபளப்பு ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம்; மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுத் தடிமன். எந்தத் துணியும் அதற்கு உப்புத்தாள்தான். விழுந்த கீறலைப் போக்க முடியாது. கோடுகள் உறுத்தினால் பனிப்படலம் ஒட்டி மறைத்துவிடலாம். அடுத்த முறை தூசியை ஊதி மட்டும் எடுங்கள். விரல் ரேகை பட்டிருந்தால், ரிஃப்ளெக்டரைத் தனியே எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த டிஸ்டில்டு வாட்டரில் 10 நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசி, உதறிக் கவிழ்த்துக் காய வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும், அதைத் துடைக்கக் கை பரபரக்கும்.

கேள்வி: உயர் மோடில் போட்டு அரை நிமிடத்தில் வெளிச்சம் நீலமாகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி வெள்ளை.
– வாசகர், வேலூர்

உடனே அணைத்து வையுங்கள். எல்.ஈ.டி. வெந்துகொண்டிருக்கிறது. சூடு மிஞ்சினால் பாஸ்பர் நீலத்தை மாற்றுவதில் சோர்ந்துபோகும், நீலம் அப்படியே வெளியே வரும். இன்றைக்குத் திரும்பி வருகிற வெள்ளை, சில நாளில் வராது.

டார்ச்சின் தலையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே நீலமாகிற நேரத்தில் தலை சூடே இல்லாமல் இருந்தால், சூடு எல்.ஈ.டி.யை விட்டு உடம்புக்கு வரவில்லை: தகட்டின்கீழ் வெப்பப் பேஸ்ட் இல்லை, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. பேஸ்ட் உளுந்தளவு, மெல்லியதாகத் தடவி இறுக்கினால் சரியாகும். தலை சுடச்சுட இருந்தால் மின்னோட்டம் அதிகம். ஒற்றை பேட்டரி டார்ச்சானால் பின்மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து பேட்டரிக்கும் உடம்புக்கும் இடையே அளக்கலாம். தயாரிப்பாளர் சொல்லும் உச்சம் எக்ஸ்பி-ஜி2க்கு 1.5 ஆம்பியர், எக்ஸ்எம்-எல்2க்கு 3 ஆம்பியர். மலிவு டார்ச்சில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய டிரைவர் என்ற பெயரில் ஒரு சுவிட்ச் மட்டும் வைத்து, முழு சார்ஜ் ஏறிய 4.2 வோல்ட் பேட்டரியை நேரே எல்.ஈ.டி.க்கு விட்டிருப்பார்கள். நடு மோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்.ஈ.டி.யின் குமிழைச் சீவி எடுத்தால் தூரம் கூடும் என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

கூடும். லூமென் குறையும், நிறம் மஞ்சள்–பச்சைக்குப் போகும், கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் நுண்கம்பி அறுந்து எல்.ஈ.டி. குப்பைக்குப் போகும். குமிழ் இல்லாமலே தயாரித்த எக்ஸ்பி-எல் ஹெச்ஐ போன்றவை கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

கேள்வி: 9 சின்ன பல்பு வைத்த பழைய டார்ச். ஒவ்வொரு பல்பும் ஒவ்வொரு நிறம்.
– வாசகர், விருத்தாசலம்

5 மி.மீ. எல்.ஈ.டி.களை நிறம் பிரிக்காமல் அள்ளிப் போட்டிருப்பார்கள். கண்ணாடிக்கு உள்ளே டிரேசிங் பேப்பரை வட்டமாக வெட்டி வையுங்கள். 9 நிறமும் ஒன்றாகிவிடும், ஆனால் வெளிச்சம் நாலு எட்டுக்கு மேல் போகாது. மின்வெட்டுக்கு அடுக்களையில் மாட்டி வைக்கலாம்.